எட்டும் அந்தியேட்டியும் ஒன்றல்ல: வன்னிச் செத்தவீட்டுச் சொற்கள், புதிதாகக் கேட்பவர்களுக்கு

கனடாவிலோ பிரான்ஸிலோ பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை அம்மம்மாவின் செத்தவீட்டுக்காகக் கிளிநொச்சியில் வந்து இறங்கினால், முதல் நாளே அதன் காதில் பத்துப் பதினைந்து புதுச் சொல் விழும். பிரேதம், வாய்க்கரிசி, கொள்ளி, காடாத்து, எட்டு, துடக்கு, அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், கல்வெட்டு, திவசம். இதெல்லாம் என்ன என்று கேட்டால் பெரியவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். நெருக்கிக் கேட்டால் "எல்லாம் செத்தவைக்குச் செய்யிறதுதான் மோனை" என்று முடித்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளையை விடுங்கள், இங்கேயே இருக்கிற இளம் ஆட்கள் "ஓராண்டு அந்தியேட்டி" என்று பதாகை அடிக்கக் கொடுக்கிறார்கள், துடக்கு என்றால் கவலையோடு இருப்பது என்று நினைக்கிறார்கள், போன வருடம் செத்த அதே தேதியில் திவசத்தை வைத்துவிட்டுக் குருக்களிடம் பேச்சு வாங்குகிறார்கள்.

ஆகவே அடிப்படையை மட்டும் எழுதுகிறேன். மந்திரம், பிண்டக் கணக்கு, தர்ப்பை எத்தனை என்பதெல்லாம் குருக்களின் வேலை, அதற்குள் போகவில்லை. பெரும்பாலும் சைவ வீடுகளைப் பற்றித்தான் பேச்சு. மற்றவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

முதலில் வரிசை

வயலில் நிற்கும்போது நெல், குத்தினால் அரிசி, அவித்தால் சோறு. மூன்றும் ஒரே பொருள்தானே என்று யாரும் கடையில் போய் "இரண்டு கிலோ சோறு தாங்கோ" என்று கேட்பதில்லை. ஒவ்வொரு பெயரும் பொருள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது, முந்தின கட்டம் முடியாமல் அடுத்த பெயர் வராது. செத்தவீட்டுச் சொற்களும் இப்படித்தான்.

இறந்தவர் முதலில் பெயருள்ள ஆள். மூச்சு நின்றதும் அவர் பிரேதம். நாம் சாதாரணமாகப் பிரேதம் என்றால் கிடத்தியிருக்கிற உடலைத்தான் சொல்கிறோம், ஆனால் கிரியையில் அதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. உடல் எரிந்த பிறகும் இங்கிருந்து புறப்பட்டு இன்னும் போய்ச்சேராத நிலையில் இருப்பவருக்கும் அதே பெயர். 31ஆம் நாளோடு அவர் தகப்பன், பாட்டன், பூட்டன் இருக்கும் வரிசையில் சேர்க்கப்படுகிறார், அதற்குப் பிறகு அவர் பிதிர், அதாவது முன்னோர். அந்தச் சேர்க்கும் கிரியைக்குச் சபிண்டீகரணம் என்று பெயர். இந்தச் சொல்லை நீங்கள் பாடமாக்கத் தேவையில்லை, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாம் தன் இடத்தில் போய் உட்காரும்.

சுருக்கமாக: ஆள், பிரேதம், பிதிர். காடாத்து, எட்டு, அந்தியேட்டி ஆகியவை பிரேதத்திலிருந்து பிதிருக்குப் போகும் வழியில் வருகின்றன. திவசம் பிதிரான பிறகு வருவது. அதனால்தான் "ஓராண்டு அந்தியேட்டி" என்று ஒன்று இருக்க முடியாது.

செய்தி சொல்லுகிறது

சாவைச் சொல்ல நம்மிடம் ஏகப்பட்ட சொல் இருக்கிறது, யாருக்கு எதை என்பதில்தான் சிக்கல். "செத்துப்போனார்" என்பது பச்சையாகக் கேட்டாலும் வன்னியில் அது அவமதிப்பு இல்லை. வீட்டுக்காரரே அப்படித்தான் சொல்வார்கள், நிகழ்வுக்கே "செத்தவீடு" என்றுதான் பெயர். வயது போன ஆட்கள் "மோசம் போயிட்டார்" என்பார்கள். இதைத் தமிழ்நாட்டு நண்பரிடம் சொன்னால் "யார் ஏமாத்தினது?" என்று கேட்பார், ஏனென்றால் அங்கே மோசம் போவது என்றால் ஏமாந்துபோவது. கொஞ்சம் தள்ளி நிற்கிறவர்கள் "ஆள் முடிஞ்சுதாம்" என்று சொல்வதும் உண்டு, ஆனால் அதை வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். அதற்கு முந்தின கட்டத்துக்கும் சொல் இருக்கிறது. கடைசி மூச்சு கரகரவென்று வரும்போது "சேடம் இழுக்குது" என்பார்கள், அந்த நேரம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் விடுவதற்குப் பால் பருக்குகிறது என்று பெயர், பக்கத்தில் யாராவது சிவபுராணம் படிப்பார்கள்.

எழுத்தில் வந்தால் எல்லாம் மாறிவிடும். மரண அறிவித்தல் என்பது ஒரு தனி மொழி. இலங்கை வானொலியில் அதை வாசிக்கக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதன் இசையே மனப்பாடம்: இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அன்புத் தந்தையும், இன்னாரின் மாமனாரும், மைத்துனரும், பேரனும் என்று உறவு முழுவதையும் ஒரே வசனத்தில் கோர்த்துவிட்டு, கடைசியில் "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடியும். "அன்னார்" என்ற சொல்லை இந்த ஓர் இடத்தைத் தவிர வேறெங்கும் நீங்கள் காண்பது அரிது.

இதில் கவனிக்க வேண்டியது "காலஞ்சென்ற". அது அலங்காரச் சொல் இல்லை, தகவல். அந்த உறவுப் பட்டியலில் யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்பதை அந்த ஒரு சொல்தான் பிரிக்கிறது. உயிரோடு இருக்கிற சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் அது தவறி விழுந்தால் வரும் சண்டையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. "அமரர்" என்பது இறந்தவரின் பெயருக்கு முன் பட்டம் போல வருவது, பதாகையிலும் கல்வெட்டிலும் வரும், பேச்சில் வராது. "சிவபதம் அடைந்தார்" சைவர்களுக்கு, "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" கிறிஸ்தவர்களுக்கு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்ட பதாகைகள் றோட்டோரம் தொங்கியதைக் கண்டிருக்கிறேன், அச்சகத்தில் பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினால் அப்படித்தான் ஆகும்.

எடுக்கும் வரை

செத்தவீட்டு நாளில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" எடுக்கிறது என்றால் பிரேதத்தை வீட்டிலிருந்து சுடலைக்குக் கொண்டு புறப்படுவது. என்ன எடுப்பது, எங்கே எடுப்பது என்று சொல்லவே தேவையில்லை, அந்த வினைச்சொல் தனியாகவே நிற்கும். சுடலை பேச்சுச் சொல், மயானம் அறிவித்தலில் வரும் சொல், இரண்டும் ஒரே இடம்.

எடுப்பதற்கு முன் வீட்டில் நடப்பதைக் கிரியை என்று மட்டும் சொல்வார்கள். முழுப்பெயர் அபரக்கிரியை, இறந்த பிறகு செய்யும் கிரியைகள் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். அதில் வெளியூர்க்காரர் ஆச்சரியப்படுவது சுண்ணம் இடிப்பதைப் பார்த்துத்தான். உரலில் உலக்கை போட்டு இடிக்க, ஒருவர் திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார். மாணிக்கவாசகர் அதை இறைவன் நீராடுவதற்கு வாசனைப்பொடி இடிக்கும் பெண்களின் பாட்டாக எழுதினார். நமக்கோ அதைக் கேட்டாலே செத்தவீடுதான் ஞாபகம் வரும், வேறு நேரத்தில் வீட்டில் பாடினால் கிழவிகள் ஏசுவார்கள்.

பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று பிடிப்பது பந்தம். (அரசியல்வாதிக்குப் பின்னால் திரிகிறவனைப் "பந்தம் பிடிக்கிறான்" என்று நாம் சொல்வது வேறு கதை.) உறவினர் கடைசியாக வாயருகே போடுவது வாய்க்கரிசி. கிரியையை முன்னின்று செய்கிற பிள்ளை கர்த்தா, ஊர்ப்பேச்சில் கொள்ளி வைக்கிறவர். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பது பொது வழக்கம். சுடலையில் அவர் தண்ணீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று முறை சுற்றி வர, ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் ஓட்டை போடுவார்கள், கடைசியில் குடத்தைப் பின்னால் விழுத்தி உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நெருப்பு வைப்பார். அதுதான் கொள்ளிக்குடம், கொள்ளி. வழமையாகப் பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள், சுடலைக்குப் போவதில்லை. அவர்களின் அழுகைக்கும் பெயர் இருக்கிறது: வரி கட்டிப் பாடி அழுவது ஒப்பாரி, வரியில்லாமல் சத்தமிட்டு அழுவது குளறுகிறது. ஒப்பாரி குறைந்துகொண்டே வருகிறது, சொல்லத் தெரிந்த ஆச்சிமார் ஊரில் ஒருவர் இருவர்தான். பறை மேளமும் அப்படியே, ஆனால் அதன் காரணம் வேறு. அதை ஒரு சாதியின் தலையில் கட்டாயக் கடமையாகச் சுமத்தியிருந்தார்கள், அவர்கள் மாட்டோம் என்றார்கள். அந்த முடிவில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

காடாத்து, எட்டு, அந்தியேட்டி

குழப்பம் எல்லாம் இங்கேதான்.

காடாத்து என்பது காடு ஆற்றுதல். காடு என்றால் சுடுகாடு, ஆற்றுவது என்றால் சூட்டைத் தணிப்பது. எரித்த மறுநாளோ மூன்றாம் நாளோ சுடலைக்குப் போய், பாலும் தண்ணீரும் தெளித்து, எலும்புகளைப் பொறுக்கி ஒரு முட்டியில், அதாவது சிறு மண்பானையில் எடுப்பார்கள். எடுத்ததுதான் அஸ்தி. அது நீரில் சேர வேண்டும்.

எட்டு என்பது எட்டாம் நாள், எட்டுச் செலவு என்றும் சொல்வார்கள். இங்கே செலவு என்றால் காசு இல்லை (காசும் போகும் என்பது வேறு விஷயம்). இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படைக்கிற நாள் இது. இதற்குப் பெரிய மந்திரமெல்லாம் இல்லை, வீட்டாரே செய்வது, பெண்களின் கை ஓங்கியிருக்கிற சடங்கு. பெயர் எட்டாக இருந்தாலும் செவ்வாய், வெள்ளி என்று பார்த்து ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ வைத்துவிடுவார்கள், அப்போதும் பெயர் எட்டுத்தான். "ஏழாம் நாள் எட்டு" என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்குத் தெரியாதவர் என்று நினைக்காதீர்கள்.

அந்தியேட்டிதான் பெரியது. 31ஆம் நாள், நீர்நிலை ஒன்றின் கரையில், குருக்களை வைத்துச் செய்வது. இந்தச் சொல்லின் வடமொழி மூலம் அந்த்யேஷ்டி, கடைசி வேள்வி என்று பொருள். அங்கே அது உடலை எரிக்கும் சடங்கையே குறிக்கும். ஆகவே இந்தியப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் அந்தியேட்டி முதல் நாளிலேயே நடந்து முடிந்திருக்கும்! ஈழத்தில் அந்தச் சொல் நகர்ந்து 31ஆம் நாளுக்குப் போய்விட்டது. இணையத்தில் தேடிப் படித்துவிட்டு "நீங்கள் பிழையாகச் செய்கிறீர்கள்" என்று தகப்பனுக்கு வகுப்பெடுக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். பிழை இல்லை, ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு வழக்கு.

எந்த நீர்நிலை? யாழ்ப்பாணத்தார் போலவே வன்னிச் சைவர் பலருக்கும் மனதில் முதலில் வருவது கீரிமலை. மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரத்துப் பாலாவி. ஆனால் 2006 ஆகஸ்டில் போரால் முகமாலைச் சோதனைச்சாவடியோடு யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு கீரிமலைக்குப் போக வழியில்லை, வன்னிக்குள்ளேயே கிடைத்த கடலும் குளமும் ஆறும்தான். முல்லைத்தீவுக் கடலில் அஸ்தி கரைத்த குடும்பங்கள் பாதை திறந்த பிறகும் அதையே தொடர்கின்றன. பெட்ரோல் செலவும் குறைவு என்று ஒருவர் சொன்னார், அதிலும் நியாயம் இருக்கிறது.

அந்தியேட்டி முடிந்து வீட்டில் நடப்பது வீட்டுக்கிருத்தியம். அழைப்பிதழில் இரண்டும் சேர்ந்தே வரும்: "அந்தியேட்டிக் கிரியைகளும் வீட்டுக்கிருத்திய நிகழ்வும், அதனைத் தொடர்ந்து மதியபோசனமும்". இந்தக் கட்டத்தோடு இறந்தவர் பிதிர் வரிசையில் சேர்ந்துவிட்டார்.

சுருக்கமாக: காடாத்து சுடலையில், எட்டு வீட்டில், அந்தியேட்டி நீர்க்கரையில், வீட்டுக்கிருத்தியம் மறுபடியும் வீட்டில். இடத்தை நினைவில் வைத்தால் நாள் தானாக வரும்.

துடக்கு வேறு, துக்கம் வேறு

துக்கம் மனதில் இருப்பது. துடக்கு உறவில் இருப்பது. இதைப் பிரித்து விளங்கிக்கொள்ளாததால்தான் "எனக்கு அவரோடு பேச்சுவார்த்தையே இல்லை, எனக்கேன் துடக்கு?" என்று ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் உயிர்ச் சிநேகிதன் செத்ததால் தனக்கும் துடக்கு என்று கோயிலுக்குப் போகாமல் இருக்கிறார்.

துடக்கு என்பது ஒரு பிறப்போ இறப்போ நடந்தால் தகப்பன் வழி உறவுகள் எல்லாருக்கும் வரும் தீட்டு நிலை. பிறப்புக்கும் வரும் என்பதைக் கவனியுங்கள், குழந்தை பிறந்ததற்கு யாரும் கவலைப்படுவதில்லையே. புத்தக மொழியில் ஆசௌசம். துடக்கு இருக்கிறவர் கோயிலுக்குள் போகமாட்டார், வீட்டில் நல்லகாரியம் வைக்கமாட்டார், மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடமாட்டார். இரத்த வழி உள்ளவர்களைத் துடக்குக்காரர் என்றே சொல்வார்கள், "அவையள் எங்கட துடக்குக்காரர்" என்றால் நெருங்கிய சொந்தம் என்று பொருள், திட்டு இல்லை. நீங்கள் பத்து வருடமாகச் சண்டை பிடித்த பெரியப்பாவின் துடக்கு உங்களுக்கு உண்டு. உங்கள் சிநேகிதனின் துடக்கு உங்களுக்கு இல்லை, செத்தவீட்டுக்குப் போய்வந்ததற்காகத் தலையில் தோய்ந்தால் போதும். கலியாணம் செய்து போன மகள் கணவன் வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் தாய் தகப்பனுக்கு அவளுக்குக் குறைந்த நாள்தான். இது அநியாயமான கணக்கு என்று சொல்லும் மகள்மார் இப்போது நிறைய, முழு நாளும் இருப்பவர்களும் உண்டு, யாரும் அதைத் தடுக்கப் போவதில்லை.

வன்னிச் சைவ வீடுகளில் பொதுவாக 30 நாள், 31இல் கழிவு. அந்தியேட்டி ஏன் 31 என்ற கேள்விக்கும் இதுவே பதில். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வரும்போது முள்ளியவளைப் பக்கம் துடக்குக் கணக்கு எவ்வளவு கவனமாகப் பார்க்கப்படும் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். பொங்கலுக்குப் பண்டம் எடுக்கிற வீட்டில் துடக்கு விழுந்தால் அந்த வருடம் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

கல்வெட்டும் திவசமும்

31ஆம் நாள் வீட்டுக்குப் போனால் ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள், அது கல்வெட்டு. கல்லில் எதுவும் வெட்டவில்லை. இறந்தவரின் படம், வரலாறு, குலம், பிள்ளைகள் ஆளுக்காள் புலம்புவது போன்ற பாடல்கள், கொஞ்சம் தேவாரம். இப்போது "நினைவு மலர்" என்று வண்ணத்தில் வருகிறது. அதில் எல்லாரும் புரட்டிக் கடந்துபோகும் ஒரு பாட்டுத்தான் உண்மையில் மிக உபயோகமானது: திதி வெண்பா. எந்த ஆண்டு, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று நாலு வரிக்குள் கட்டி வைத்திருப்பார்கள்.

அது ஏன் தேவை? திவசம் தேதியில் வருவதில்லை, திதியில் வருகிறது. திதி என்பது சந்திரனின் நாள், அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை 15, பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை 15. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள், நம் கலண்டர் வருடத்தைவிட 11 நாள் குறைவு. ஆகவே மே 15 அன்று செத்தவரின் திதி அடுத்த மே 15இல் இருக்காது. சில வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும், சில வருடம் கிட்டத்தட்ட மூன்று கிழமை பிந்தி வரும். அதே தமிழ் மாதம், அதே பிறை, அதே திதி, இந்த மூன்றும் பொருந்துகிற நாளைப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும். முதலாம் ஆண்டில் வருவது ஆட்டைத் திவசம் (ஆட்டை என்றால் ஆண்டு), பிறகு வருடா வருடம் வருவது திவசம், புத்தகத்தில் சிரார்த்தம்.

இது தவிரப் பொது நாள்கள் இரண்டு. ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களுக்கு, சித்திரா பௌர்ணமி தாய் இல்லாதவர்களுக்கு. "நான் அமாவாசை பிடிக்கிறன்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தகப்பன் இல்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

வன்னியில் ஒரே வழக்கு இல்லை

மேலே சொன்னது பழைய வன்னியாரும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்களும் பேசுவது. ஆனால் 1977 கலவரத்தோடும் அதற்கு முன்னும் பின்னும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே ஏராளம். கிளிநொச்சி மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போனால் "சாவு வீடு", "எழவு சொல்ல வந்தாங்க", "கருமாதி" என்று கேட்கலாம். கருமாதிதான் அவர்களுக்குத் துடக்குக் கழியும் நாள், பெரும்பாலும் பதினாறாம் நாள். அந்தியேட்டியோடு அதை ஒப்பிடலாம், ஆனால் அந்தப் பெயரால் அழைத்தால் அவர்களுக்குப் பிடிக்காது, பிடிக்கவும் தேவையில்லை.

மன்னார்க் கத்தோலிக்கருக்கு எரிப்பது வழக்கமில்லை, நல்லடக்கம், அடக்குகிற இடம் சேமக்காலை. கார்த்திகை 2, அதாவது நவம்பர் 2, இறந்தவர்கள் எல்லாருக்குமான நாள், அன்றைக்குச் சேமக்காலை முழுவதும் மெழுகுதிரி. முஸ்லிம்களிடம் மௌத்து என்றால் இறப்பு, ஜனாஸா என்றால் உடலும் அதை அடக்கும் நிகழ்வும், அடக்குகிற இடம் மையவாடி. கணவனை இழந்த பெண் 4 மாதமும் 10 நாளும் வீட்டோடு இருப்பது இத்தா. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு முல்லைத்தீவில் ஒரு தலைமுறை இந்தச் சொற்களைக் கேட்காமலே வளர்ந்தது, போர் முடிந்து ஆட்கள் திரும்பிய பிறகுதான் மறுபடியும் காதில் விழுகின்றன. சைவர் ஒருவர் முஸ்லிம் வீட்டில் "எப்ப எடுக்கினம்?" என்று கேட்டால் அதில் பிழை ஒன்றும் இல்லை, "எரிக்கிறது எப்ப?" என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடக்கூடாது.

உடல் இல்லாதபோது

வரிசை என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பதற்குக் காரணம் இங்கே வருகிறது. பிரேதம் இல்லாமல் கொள்ளி இல்லை, கொள்ளி இல்லாமல் காடாத்து இல்லை, செத்த நாள் தெரியாமல் திதி இல்லை, திதி இல்லாமல் திவசம் இல்லை. முதல் சொல்லைச் சொல்ல முடியாவிட்டால் மற்ற எந்தச் சொல்லும் வராது.

2009 மே 18 வரையான மாதங்களில் முள்ளிவாய்க்கால் வரை போன வன்னிச் சனம் செத்தவர்களைப் பங்கருக்குள்ளேயே மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டியிருந்தது. சுண்ணமும் இல்லை, குடமும் இல்லை, என்ன கிழமை என்றே தெரியாது. கண்ணால் கண்டவர்களுக்காவது பின்னால் அந்தியேட்டி செய்ய முடிந்தது. திதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, பல குடும்பங்கள் மே 18ஐயே நாளாக வைத்துக்கொண்டன. அந்த நாளோடு பரவலான சொல்தான் நினைவேந்தல். திவசத்துக்கும் அதற்கும் வித்தியாசம் பெரியது. நினைவேந்தலுக்கு உடல் வேண்டாம், திதி வேண்டாம், கொள்ளிக்குரியவர் வேண்டாம், உறவே வேண்டாம். ஊராகச் சேர்ந்து சுடர் ஏற்றுவது, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது. பழைய வரிசைக்கு வெளியே நிற்கிற சொல் அது.

அதே காலத்துக்கு முன்னிருந்தே வன்னியில் இன்னொரு சொல்தொகுதி இருந்தது. புலிகள் தங்கள் பக்கம் இறந்தவர்களுக்குச் செத்தார் என்பதை விட்டு வீரச்சாவு என்றார்கள், உடலை வித்துடல் என்றார்கள், புதைப்பதை விதைப்பது என்றார்கள், இடத்தைத் துயிலும் இல்லம் என்றார்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளானாலும் எரிக்காமல் புதைத்ததற்கு அந்த விதை என்ற எண்ணம் ஒத்துப்போனது. கனகபுரம் போன்ற துயிலும் இல்லங்கள் போருக்குப் பிறகு இடித்து மட்டமாக்கப்பட்டன. நவம்பர் 27இல் தாய்மார் அங்கே விளக்கேற்றுகிறார்கள், அரசியல் எப்படி இருந்தாலும் அவர்களுக்கு அது பிள்ளையின் இடம்.

கண்ணால் காணாதவர்கள் கதைதான் வேறு. போர் முடிவில் இராணுவத்தின் கையில் கொண்டுபோய் ஒப்படைத்த பிள்ளை, பிறகு எந்தச் செய்தியும் இல்லை. இவர்கள் "காணாமல் போனவர்" என்று சொன்னால் திருத்துவார்கள்: "காணாமல் ஆக்கப்பட்டவர்". போனவர் என்றால் தானாகப் போனதாகிவிடும், ஆக்கப்பட்டவர் என்றால் ஆக்கினவர் ஒருவர் இருக்கிறார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தொடங்கிய தொடர் போராட்டம் இந்தச் சொல்லோடுதான் உட்கார்ந்தது. அரசாங்கப் பத்திரத்திலும் இதே இழுபறி. 2010இல் வந்த ஒரு தற்காலிகச் சட்டத்தின்படி ஒரு வருடத்துக்கு மேல் காணாதவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள், பலர் மறுத்தார்கள், ஏனென்றால் அதை வாங்கினால் பிள்ளை செத்தது என்று தாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள்.

இந்த வீடுகளில் மனைவி பொட்டு வைத்திருப்பார், தாலி போட்டிருப்பார், அதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். தகப்பனின் மரண அறிவித்தலில் அந்த மகனின் பெயரும் மற்றப் பிள்ளைகளோடு வரும், முன்னால் "காலஞ்சென்ற" இருக்காது, சில வேளை அடைப்புக்குள் "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று இருக்கும். "அவருக்கும் ஒரு அமாவாசை பிடிக்கலாமே" என்று நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வாயில் வரக்கூடாதவை

கடைசியாகக் கொஞ்சம் நடைமுறை. பாடையில போவான், கட்டையில போவான், என்ன இழவு இது என்று கோபத்தில் நாம் எறிகிற திட்டெல்லாம் செத்தவீட்டிலிருந்து வந்தவைதான். வேறு இடத்தில் அவை பழகிப்போன வசவு, செத்தவீட்டுப் பந்தலுக்குள் பழக்கத்தில் "இந்த இழவு போன் வேலை செய்யுதில்லை" என்று சொன்னால் நாலு தலை திரும்பும்.

செத்தவீட்டில் "வாங்கோ" என்று யாரும் வரவேற்கமாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்கவேண்டாம். போய் இருங்கள், வீட்டுக்காரரின் கையைப் பிடியுங்கள், "என்ன நடந்தது?" என்று மெதுவாகக் கேட்டால் போதும், அதற்குத்தான் துக்கம் விசாரிக்கிறது என்று பெயர். புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது, மறுபடியும் இதே காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும், பேசாமல் எழும்பி வந்துவிடுங்கள். எட்டுக்கும் அப்படியே. அந்தியேட்டி அழைப்பிதழ் வந்து மதியபோசனத்துக்குப் போனால் கட்டாயம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அன்றைக்குத் துடக்குக் கழிந்துவிட்டதால் பெரும்பாலான வீடுகளில் சொல்லிக்கொண்டு புறப்படலாம், கல்வெட்டை மட்டும் கதிரையில் மறந்துவிட்டு வராதீர்கள்.